குழியிலிருந்து வந்த கோடுகள்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, பாதி கடித்த ரொட்டியைக் கைப்பைக்குள் திணித்தபடி கடுகு அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள். கடுகு என்பது ஆய்வுக்கூடத்தார் வைத்த பெயர். ஆள் சிறிது, சூடானால் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். அன்று வரும்போதே சூடாகத்தான் வந்தாள்.

வாசலுக்குப் புதிதாக வந்திருந்த காவலாளி அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"நீங்க... அவங்க தங்கச்சியா?"

"ஆமா. மிச்சம் இருக்கறவ."

அதற்குமேலும் கேட்க அவருக்கு ஆசைதான், யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அவள் பார்த்த பார்வையில் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது.

தரைக்குக் கீழே மூன்று மாடி. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அங்கே அதே வெளுத்த குழல்விளக்கு, ஈரமான கான்கிரீட் வாசனை, எங்கோ ஒரு பம்ப் வயிற்றுவலிக்காரன் மாதிரி ஓயாமல் முனகும் சத்தம்.

அங்கே நடக்கிற வேலை இதுதான். மியூவான் என்று ஒரு துகள். எலெக்ட்ரானுக்கு அண்ணன் முறை. எடை இருநூறு மடங்கு, ஆயுள் கண்ணிமைப்பதற்குள் பல்லாயிரம் தடவை முடிந்துபோகும். அதைக் கற்றையாகக் கொண்டுவந்து ஒரு கால்சியம் கட்டியில் நிறுத்தினால் அணுவின் கரு விழுங்கிவிடும். பெரும்பாலும் சத்தமில்லாமல் விழுங்கும். லட்சத்தில் ஒரு தடவை மட்டும், விழுங்கும்போது ஒரு காமா ஒளியைக் கக்கும். அந்த லட்சத்தில் ஒன்றை எண்ணத்தான் இத்தனை கான்கிரீட், இத்தனை மின்சாரம், இத்தனை கோள்மூட்டல்.

ஒளி ஒரு ஈயத்தகட்டில் பட்டு இரண்டு துகளாகப் பிரியும். பெரிய காந்தத்துக்குள் ஒன்று இந்தப் பக்கம் வளையும், ஒன்று அந்தப் பக்கம் வளையும். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஆயிரக்கணக்கில் கட்டிய ஒரு கூண்டு அந்தத் தடங்களைப் பிடிக்கும். தடத்தைப் பின்னோக்கி நீட்டினால், ஒளி எந்தப் பக்கமிருந்து கிளம்பியது என்று ஒரு கோடு கிடைக்கும். கோடு கால்சியம் கட்டிக்குப் போனால் கணக்கில் சேரும். வேறு எங்கே போனாலும் குப்பைக் கோப்பு. அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை.

அந்தக் கம்பிகள் அத்தனையையும் கட்டியவள் கடுகின் அக்கா. இரண்டு வருடம், ஒவ்வொரு கம்பியாக, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சால்டரிங் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டு கட்டினாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், காந்தத்துக்கு அடியில் இருக்கும் குழிக்குள் வாயுக்குழாய் ஒன்றைச் சரிபார்க்க இறங்கினாள். கம்பிக்கூண்டுக்குப் போகிற ஆர்கான் வாயு அங்கே கசிந்து தேங்கியிருந்தது. காற்றைவிடக் கனம், நிறம் இல்லை, மணம் இல்லை. இரண்டு மூச்சுதான். கையில் ஸ்பேனரோடு, சுவரில் சாய்ந்து, பேருந்தில் தூங்குகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

விசாரணைக் குழு வந்தது. குழியில் காற்று கெட்டால் அலற ஓர் அலாரம் உண்டு. அதன் விளக்கு கட்டுப்பாட்டு அறையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஆகவே குழியில் முன்கூட்டியே வாயு இல்லை. இறந்தவரே வால்வை மூடாமல் குழாயைக் கழற்றி, முகத்தில் அடித்த வாயுவில் விழுந்திருக்கிறார். காரணம், சொந்தக் கவனக்குறைவு. வருகிற வெள்ளிக்கிழமை இறுதிக் கையெழுத்து. அதற்குப் பிறகு அக்காவின் பெயரோடு அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடுகு இந்த ஷிப்ட்டைக் கேட்டு வாங்கியது அதனால்தான். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. யாரையாவது கடித்துக் குதற வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஷிப்ட்டைக் கொடுத்தவர் சோதனையின் தலைவர். 'சுருக்கம்' என்று பெயர். "சுருக்கமா சொல்லணும்னா" என்று ஆரம்பித்தால் கேட்கிறவனுக்குத் தாடி முளைத்துவிடும். அன்று காலை அவரே கட்டுப்பாட்டு அறைக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"சுருக்கமா சொல்லணும்னா, உங்க அக்கா மாதிரி ஒரு கைக்காரிய நான் பார்த்ததில்லம்மா. ஆனா கொஞ்சம் அவசரம். வெள்ளிக்கிழமை குழு முன்னாடி நீயே ஒரு வார்த்தை சொன்னேன்னா..."

"என்ன வார்த்தை சார்?"

"அதான், அவசரக்காரின்னு."

"எங்க அக்கா ஒரு ஸ்க்ரூவ கழட்டறதுக்கு முன்னாடி அதுகிட்டயே அனுமதி கேப்பா. அவளா அவசரக்காரி?"

சுருக்கம் பச்சை விளக்கைக் கையால் காட்டினார். "விளக்கு பொய் சொல்லாதும்மா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடுகுக்குக் காது மடல் வரை எரிந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. ஒளி ஒன்று பிடிபட்டால் 'டக்' என்கும். பதினொரு மணிக்குக் கற்றையில் ஏதோ கோளாறு. மியூவான் வரத்து நின்றது. சத்தமும் நிற்க வேண்டும்.

டக்.

கடுகு தலையைத் தூக்கினாள்.

டக். டக்.

கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அப்படியானால் குப்பைக்குப் போகிறது. யாரும் திறக்காத கோப்பை அவள் திறந்தாள். வம்பு விசாரிப்பது அவள் குடும்பத்து ரத்தத்திலேயே உண்டு.

நாற்பது கோடுகள். அத்தனையும் ஒரே ஆற்றல். மியூவான் தன்னையே முழுதாகக் கரைத்துக் கொடுத்தாலும் எட்ட முடியாத ஆற்றல். காந்தமும் குழியும் இருக்கும் சோதனைக் கூடத்தின் வரைபடத்தின்மேல் கோடுகளைப் போட்டுப் பார்த்தாள். தொடப்பக்குச்சிக் கட்டு மாதிரி எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன.

குழி. வடக்குச் சுவரோரம். தரையிலிருந்து ஒன்றேகால் அடி.

உட்கார்ந்திருக்கும் ஆளின் நெஞ்சு உயரம்.

சுருக்கத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். இடத்தைச் சொல்லவில்லை, எண்ணிக்கையை மட்டும் சொன்னாள்.

"பையான் துகள் கலந்திருக்கும்மா. கற்றையோட வரும் அது."

"கற்றையே இல்ல சார்."

"வானத்துலேர்ந்து வர்ற காஸ்மிக்கா இருக்கும்."

"அதுக்குன்னு மேல வெச்சிருக்கற தகடு ஒண்ணுமே காட்டல. மேலேர்ந்து வரல. கீழேர்ந்து வருது."

அவர் முகம் ஒரு நொடி சுண்ணாம்பு பூசினமாதிரி ஆனது. பிறகு சிரித்தார். "அப்ப குப்பைதான். அழிச்சிடு."

கடுகு அழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கோடுகள் குழியில் இல்லை. ஏணியில் இருந்தன. குழியின் ஏணிக்கு ஏழு படி. எட்டு மணிக்கு முதல் படி. எட்டரைக்கு இரண்டாவது. ஒவ்வொரு படியிலும் அரை மணி நின்று, மூச்சு வாங்கி ஏறுகிற மாதிரி. பதினொன்றரைக்கு ஏழாவது படியும் முடிந்தது.

அதற்குப் பிறகு மதியம் வரை கோடுகள் கூடத்தின் தரையில் நடந்தன.

சாவிக்காரர் அப்போது கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். கற்றையை விடுவதற்கு முன் கூடத்துக்குள் ஒருவரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, கதவைப் பூட்டி, சாவியைப் பலகையில் மாட்டுவது அவர் வேலை. பூட்டுமுன் மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். பூட்டிவிட்டு வந்தவரைக் கடுகு முறைத்தாள்.

"ஏண்ணே, இன்னைக்கு நீங்க குரல் குடுக்கவே இல்லையே?"

அவர் சாவியை மாட்டினார். பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் இப்பல்லாம் கூப்பிடறதில்ல தங்கச்சி."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"போன மாசம் வரைக்கும் கூப்பிட்டேன்." குரல் இறங்கியது. "யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டேன். பதில் வந்துச்சு."

"என்னன்னு?"

"'இருக்கேண்ணே'ன்னு."

அவரை அண்ணே என்று கூப்பிடுகிறவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர். ஒருத்தி எதிரே நின்றாள்.

புதன்கிழமை கோடுகள் கூடத்தைவிட்டே வெளியேறின. இரண்டு மீட்டர் கான்கிரீட் சுவரை, நாம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வருகிற மாதிரி தாண்டி வந்துவிட்டன. பத்து மணிக்கு நடைபாதை. பத்தரைக்குக் கட்டுப்பாட்டு அறையின் வாசல். கடுகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் அந்த அறையும் உண்டு, மேசைகள் உண்டு, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும் உண்டு.

டக்.

வாசலுக்கு உள்ளே.

டக். டக்.

மேசைக்குப் பக்கத்தில்.

வாசனை வந்தது. சால்டரிங் புகையின் காரமான, பிசின் எரிகிற வாசனை. அந்த அறையில் சால்டரிங் கருவி எதுவும் இல்லை.

டக்.

நாற்காலிக்குப் பின்னால். ஐந்து அடி உயரத்தில்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இத்தனை நாள் யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் ஊரையே திட்டிக்கொண்டிருந்தவள், இப்போது உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அக்கா... நீ கவனமில்லாமத்தான் இறங்கினியா?"

ஒலிபெருக்கி வெடித்தது. டக் டக் டக் டக் என்று, கதவை உள்ளிருந்து யாரோ இரண்டு கையாலும் உடைக்கிற மாதிரி. மேசைமேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது. எண் காட்டும் பெட்டியில் இலக்கங்கள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. அது அழுகை இல்லை. கடுகுக்கு அந்தக் கோபம் நன்றாகத் தெரியும். வீட்டில் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

சட்டென்று அடங்கியது.

கோடுகள் அவளைவிட்டு விலகி மறுபடியும் நடைபாதைக்குப் போயின. இருபது அடி தள்ளி, சுவரோரமாக ஓர் இடத்தில் நின்றன. அன்று முழுவதும் அங்கேயே நின்றன. வியாழக்கிழமை காலையும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன.

வியாழன் ஒன்பதே முக்காலுக்குச் சாவிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவள் நடைபாதைக்குக் கூட்டிப்போனாள்.

"பத்து மணிக்குக் குழிக்குள்ள இறங்கிப் பார்க்கணும் தங்கச்சி, விடு."

"அஞ்சு நிமிஷம் கழிச்சு இறங்கலாம். ஏணி எங்கயும் ஓடிடாது."

அந்த இடத்தில் கேபிள்கள் ஆலமர விழுதுபோலத் தொங்கின. விலக்கினால், பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன இரும்புப்பெட்டி. குழுவினர் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. குழியின் அலாரம் கேபிள் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் அதற்குள்தான் இணைகிறது என்றார் சாவிக்காரர். மூடியைத் திறந்தார்.

குழியிலிருந்து வந்த கேபிள் கழன்று சும்மா தொங்கியது. அது இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு செருகி. எப்போதும் 'காற்று நன்றாக இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் செருகி. பச்சை விளக்கின் சத்தியம் அவ்வளவுதான்.

செருகியில் மஞ்சள் சீட்டு ஒன்று கட்டியிருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கட்டளை உண்டு. யார் எந்தக் கேபிளைக் கழற்றினாலும் பெயர், தேதி, காரணம் எழுதிச் சீட்டுக் கட்டவேண்டும். முப்பது வருடமாகத் தொண்டை கிழியக் கத்தி இதைப் பழக்கியவர் சுருக்கம்தான். சீட்டில்லாத ஒரு கேபிளுக்காக ஒருத்தனை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர், செய்யக்கூடாத காரியத்தைச் செய்தபோதும் கை பழக்கத்தில் சீட்டை எழுதிக் கட்டிவிட்டது. இப்படியொரு தவறை வேறு எந்தத் தொழில்காரனும் செய்யமாட்டான்.

அவர் கையெழுத்து. காரணம்: 'சும்மா சும்மா அலறிக் கற்றையை நிறுத்துகிறது.' தேதி, அக்கா குழிக்குள் இறங்கியதற்கு நான்கு நாள் முன்பு.

கடுகுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் இல்லை.

"அதைத் தொடாத."

நடைபாதையின் மறுமுனையில் சுருக்கம் நின்றிருந்தார். பத்தடி தள்ளி. அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை.

"ஆறு மாசமா சார்?" கடுகின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அவ செத்த பிறகும் ஆறு மாசமா இதை இங்கயே விட்டு வெச்சிருக்கீங்க. அந்தக் குழிக்குள்ள ஆளுங்க இறங்கிட்டு இருக்காங்க. இதோ இந்த அண்ணன் இறங்கறாரு. எங்க அக்காவ அவசரக்காரின்னு சொல்லச் சொல்லி என்கிட்டயே கேட்டீங்களே, வாய் கூசல?"

"எடுக்க வந்தேன்."

"பொய்."

"மூணு தடவை வந்தேன்." அவர் கடுகைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடது பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார். "மூணு தடவையும் நின்னா. பெட்டிமேல கையை வெச்சிட்டு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சுருக்கமாகப் பேசினார்.

"அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு," என்றார்.

"நான் சொன்னா கேக்கமாட்டா. நானும் கேட்டதில்ல அவ பேச்ச."

கடுகு சீட்டையும் செருகியையும் அப்படியே படம் எடுத்துக்கொண்டாள். பிறகு செருகியைப் பிடுங்கி, தொங்கிய கேபிளை அந்த இடத்தில் அழுத்தினாள்.

கட்டடம் முழுவதும் அலாரம் அலறியது.

சாவிக்காரர் ஒரு நொடி கழித்துத்தான் புரிந்துகொண்டார். புரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். குழியில் அப்போதே வாயு நிரம்பியிருந்தது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை குழு அந்த இரண்டு வார்த்தைகளை அடித்தது. நல்லது. ஆனால் அடித்த கையோடு வேறொன்றும் எழுதிவிடவில்லை. சுருக்கம் 'உடல்நிலை காரணமாக' ஓய்வு பெற்றார். முப்பது வருடச் சேவையாம். வழியனுப்பும் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடுகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்கம்மா."

"அது எனக்குத் தெரியாதா? அந்த ஆளை என்னடி பண்ணாங்க?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"வீட்டுக்கா?" என்றாள் அம்மா. "அவருக்கு வீடு இருக்கில்ல. அங்க போய் நிம்மதியா உக்காந்துக்குவாரு." போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் குப்பைக் கோப்பில் உண்மையான குப்பை மட்டுமே விழுந்தது. சாவிக்காரர் மறுபடியும் குரல் கொடுக்க ஆரம்பித்தார்; பதில் இல்லை. கடுகு சில சமயம் காரணமில்லாமல் நாற்காலியைத் திருப்பிப் பார்ப்பாள். யாரும் இல்லை. அதுவும் ஒருமாதிரி வலித்தது.

ஆறாவது வாரம், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே ஆற்றலில் ஒன்பது கோடுகள்.

வரைபடத்தில் நீட்டினாள். கோடுகள் கூடத்துக்குள் எங்கும் சேரவில்லை. கட்டடத்துக்குள்ளும் சேரவில்லை. நகர வரைபடத்தை எடுத்து மேலே போட்டாள். ரயில் பாதையைத் தாண்டி, மருத்துவமனையைத் தாண்டி, நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு தெருவில் ஒன்றையொன்று வெட்டின. அவ்வளவு தூரத்தைக் காட்டுகிற துல்லியம் அந்தக் கருவிக்குக் கிடையவே கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருவில் மூன்றாவது வீடு யாருடையது என்றும் தெரியும்.

போனை எடுத்தாள். சுருக்கத்தின் எண் வரை போனாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்பது கோடுகளையும் குப்பையிலிருந்து எடுத்துத் தனிக் கோப்பில் பத்திரமாகச் சேமித்தாள்.

அந்தத் தெருவில் இப்போது எல்லாருக்கும் இதுதான் பேச்சு. சுருக்கம் வீட்டு மாடியில் மழையானாலும் எல்லா ஜன்னலும் திறந்தே கிடக்கின்றனவாம். மெத்தை, திரை எல்லாம் நனைந்து நாறுகிறதாம். மருத்துவர் வந்து பார்த்து நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றாராம். ஆனாலும் மதியம் படுத்தால் வாயைப் பிளந்துகொண்டு, "காத்து பத்தல, இத்தனை பேருக்கு இந்தக் காத்து பத்தல" என்கிறாராம்.

"ஏங்க, நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

அவர் சுவரோரமாக ஒடுங்கி நகர்ந்து, கட்டிலில் பாதியை யாருக்கோ விட்டுக்கொடுத்துப் படுத்தாராம். காலியான அந்தப் பாதி, மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல அமுங்கியதாம்.